தீவனத்தொட்டிக்கு வைக்கோல்: பள்ளியில் திருவருகைக் காலத்தை எப்படிக் கொண்டாடலாம்?

அஞ்சாம் வகுப்பு டீச்சர் | 22 நவம்பர் 2024, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். ராமேஸ்வரம் தீவுக்குள் சிஸ்டர்கள் நடத்தும் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். புதன்கிழமை கொட்டிய மழை தெரிந்திருக்கும். ராமேஸ்வரத்தில் மட்டும் ஒரே நாளில் 41 செ.மீ. எங்கள் வகுப்பறையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்ததில்தான் இந்த யோசனை வந்தது.

டிசம்பர் 1 திருவருகைக் காலத்தின், அதாவது கிறிஸ்மஸுக்கு முந்தைய நாலு ஞாயிறு கொண்ட தயாரிப்புக் காலத்தின், முதல் ஞாயிறு. பழைய வழக்கம் ஒன்றை இந்த வருடம் மறுபடி தொடங்கலாம் என்கிறார் எங்கள் சிஸ்டர். காலியான தீவனத்தொட்டி ஒன்றை வராந்தாவில் வைப்போம். ஒரு நல்ல காரியமோ ஒறுத்தலோ (பிடித்த ஒன்றைத் தானாக விட்டுக்கொடுப்பது) செய்த பிள்ளை அதில் ஓர் இழை வைக்கோல் போடும். கிறிஸ்மஸுக்குள் பாலன் இயேசுவுக்கு மெத்தை ஆகிவிட வேண்டும்.

எனக்கு ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. நான் ஆறாவது படித்தபோது இதையே வகுப்புக்கு வகுப்பு போட்டியாக வைத்தார்கள். கரும்பலகையில் பெயர், அதற்கு நேரே எண்ணிக்கை. ஒரு நாள் காலையில் எங்கள் லீடர் கைப்பிடி வைக்கோலைக் கொண்டுவந்து திணித்தாள். கேட்டால், ராத்திரி மட்டும் 43 ஒறுத்தல் செய்தேன் என்றாள். ஜாமெட்ரி பாக்ஸ் பரிசும் அவளுக்கே. எனக்கு மொத்தம் 11. அதில் இரண்டு பொய். அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததாகச் சொன்னேன், எடுக்கவே இல்லை. அந்த இரண்டும் இன்னும் உறுத்துகின்றன.

போட்டியாக மாறாமல் இதை நடத்த முடியுமா? வகுப்பில் 38 பேர். பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள், ஆறு பேர் முஸ்லிம். அப்புறம், இந்த ஈரத்தில் வைக்கோலுக்கு எங்கே போவது?

பாம்பன் காற்று | 22 நவம்பர், இரவு 9.48

தீவுக்குள் நெல் ஏது டீச்சர்? மணலும் தென்னையும் பனையும்தான். வைக்கோல் வேண்டுமென்றால் திருவாடானைப் பக்கமிருந்துதான் லாரியில் வர வேண்டும். அங்கேயும் அறுப்பு தையில். இப்போது கிடைப்பது போன வருடத்துப் படப்பு. அதுவும் மேலாக நனைந்து புழுங்கி ஒரு வாடை அடிக்கும். பிள்ளைகள் கையில் கொடுத்தால் அரிப்பு வேறு.

பனையோலையைக் கிழித்துப் போடுங்கள். கேட்டால் கேட்ட இடத்தில் கிடைக்கும்.

மடத்துப் பழைய மாணவி | 22 நவம்பர், இரவு 11.20

டீச்சரம்மா, நான் 1970களில் இதே கடலோரத்தில் ஒரு மடத்துப் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தவள். இப்போது மதுரையில் இருக்கிறேன். எங்களுக்கும் இந்த வழக்கம் உண்டு, ஆனால் போட்டி கிடையாது. அதற்கு எங்கள் சிஸ்டர் ஒரு வழி வைத்திருந்தார்.

முதல் ஞாயிறன்று ஆளுக்கொரு காலி தீப்பெட்டி கொடுப்பார். நல்லது செய்தால் ஓர் இழை வைக்கோலைத் தீப்பெட்டி நீளத்துக்குக் கிள்ளி நாமே உள்ளே போட்டுக்கொள்ள வேண்டும். என்ன செய்தோம் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் செபமாலை முடிந்ததும் வரிசையாகப் போய் தொட்டியில் கொட்டுவோம். அந்த நேரத்தில் சிஸ்டர் என்ன செய்வார் தெரியுமா? எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். கடைசிப் பிள்ளை கொட்டி முடித்து மணியடித்த பிறகுதான் திரும்புவார். யார் பெட்டியில் பத்து, யார் பெட்டி காலி என்று அவருக்கே தெரியாது.

ஒரு வாரம் என் பெட்டி சுத்தக் காலி. வெறும் பெட்டியைத் தொட்டிக்கு மேலே கவிழ்த்துத் தட்டிவிட்டு வந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரம் ஏனோ ஐந்து இழை சேர்ந்துவிட்டது.

கேள்வி கேட்பவன் | 23 நவம்பர், காலை 7.05

கோபித்துக்கொள்ள வேண்டாம். வைக்கோல், இலை வளையம், அதில் ஞாயிற்றுக்கு ஒன்றாகக் கொளுத்தும் நாலு மெழுகுதிரி, பஞ்சில் பனி, எல்லாமே குளிர்நாட்டுச் சரக்கு. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் போன வருடம் ஆன்லைனில் பிளாஸ்டிக் பைன் இலை வளையம் வாங்கினார்கள். பைன் மரத்தை அந்தப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இதற்கும் நம் கரைக்கும் என்ன சம்பந்தம்?

மறைக்கல்வி வாத்தியார் | 23 நவம்பர், மதியம் 1.30

தம்பி கேட்பது நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் வளையம். அது கத்தோலிக்கர் தொடங்கியதே அல்ல. 1839-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் விஹர்ன் என்ற லூத்தரன் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடத்திவந்தார். கிறிஸ்மஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் அவரைத் தினமும் அரித்திருக்கிறார்கள். அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய மெழுகுதிரியும் மற்ற நாட்களுக்குச் சின்ன மெழுகுதிரியும் நட்டு, நாளுக்கு ஒன்றாகக் கொளுத்தவிட்டார். பிள்ளைகள் தாங்களே எண்ணிக்கொண்டார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளுக்கான நாலு மட்டும் மிஞ்சியது. 1925 வாக்கில்தான் கொலோன் நகரத்துக் கத்தோலிக்கக் கோயில் ஒன்றில் வளையம் தொங்கியது. மூன்று ஊதா, ஒரு ரோஸ் என்பது நம் குருமார் பூசையில் போடும் உடுப்பின் நிறத்தைப் பார்த்து வைத்தது. ரோஸ் மூன்றாம் ஞாயிறுக்கு, அது மகிழ்ச்சி ஞாயிறு.

குடிலுக்கு வயது இன்னும் அதிகம். 1223-ல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் ஒரு தொட்டி, கொஞ்சம் வைக்கோல், உயிருள்ள மாடு, கழுதை, இவ்வளவையும் வைத்துப் பூசை வைக்கச் செய்தார்.

இப்போது நம் கரைக்கு வருவோம். முத்துக்குளித்துறையில், அதாவது நம் தென்கடலோரத்தில், 1530களிலேயே ஞானஸ்நானம் நடந்துவிட்டது. சவேரியார் வந்தது 1542-ல். மண்டபத்துக்குப் பக்கத்து வேதாளையில் கிரிமினாலி என்ற இளம் சேசுசபைக் குரு குத்துப்பட்டு இறந்தது 1549-ல். அந்தக் காலத்தில் இந்த வளையம் ஐரோப்பாவிலேயே கிடையாது. வளையத்துக்கு இப்போது வயது 185. நம் கரையின் விசுவாசம் அதைவிட 300 வருடம் மூத்தது. ஆகவே வளையம் இல்லாவிட்டால் திருவருகைக் காலமே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். அதேபோல, அது அந்நியம் என்று ஒதுக்கவும் வேண்டாம். விஹர்ன் கையில் கிடைத்தது வண்டிச் சக்கரம், அவர் அதை எடுத்தார். நம் கையில் என்ன கிடைக்கிறதோ அதை நாம் எடுப்போம். சவுக்குக் கொப்பு இருக்கிறது, வளைத்துக் கட்ட நன்றாக வரும். பனை மட்டையை நாராகக் கிழித்தால் சக்கரமே பின்னலாம்.

பிளாஸ்டிக் விஷயத்தில் தம்பியோடு நான் ஒரே கட்சி.

கேள்வி கேட்பவன் | 23 நவம்பர், மதியம் 2.15

சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். சவுக்கு என்றால் எனக்கும் சம்மதம். ஆனால் ஊதா மெழுகுதிரிக்கு எங்கே போவீர்கள்? எங்கள் ஊர்க் கடையில் வெள்ளை மட்டும்தான்.

பாம்பன் காற்று | 23 நவம்பர், மதியம் 2.22

வெள்ளை மெழுகுதிரியின் அடிப்பாகத்தில் ஊதா கிரேப் தாளைச் சுற்றுங்கள். தாள் பாதி உயரத்துக்கு மேல் வேண்டாம், தீப்பிடிக்கும். எனக்கு அனுபவம் உண்டு, புருவம் போனது.

வேதாளைத் தம்பி | 23 நவம்பர், இரவு 8.40

வாத்தியார் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டார், இனி நான் சும்மா இருக்க முடியாது.

டீச்சர், நான் முஸ்லிம். எட்டாவது வரை சிஸ்டர்கள் பள்ளியில்தான் படித்தேன். அங்கேயும் இந்தத் தொட்டி இருந்தது. நாங்கள் போடலாமா கூடாதா என்று எங்களுக்குள்ளேயே ஒரு குழப்பம். வீட்டில் கேட்டேன். உம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நல்லது செய்யிறதுக்கு யார்ட்டயும் கேக்க வேணாம். போடுறது வைக்கோல்தானே, சுஜூது செய்யச் சொல்லலியே" என்றது. சுஜூது என்றால் தரையில் நெற்றி வைத்து வணங்குவது. வாப்பா மட்டும் இன்னொன்று சொன்னார். குர்ஆனில் இயேசுவின் தாய் மரியம் அலைஹிஸ்ஸலாம் பிள்ளை பெறும் வலியோடு வந்து சாய்ந்தது பேரீச்ச மரத்தடியில். மரத்தை உலுக்கு, பழம் விழும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அங்கே தொழுவமும் இல்லை, வைக்கோலும் இல்லை. நான் மறுநாள் வைக்கோலுக்குப் பதிலாகப் பனையோலைக் கீற்றைக் கொண்டுபோனேன். பேரீச்சைக்குப் பனை சொந்தம்தானே என்பது என் கணக்கு. சிஸ்டர் காரணம் கேட்டார், சொன்னேன். "நல்லது, போடு" என்றார். அவ்வளவுதான்.

ஒரே ஒரு விண்ணப்பம் டீச்சர். போடாத பிள்ளையையும் ஏன் போடவில்லை என்று கேட்காதீர்கள்.

ஒரு அம்மா | 24 நவம்பர், காலை 6.30

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் கார்த்திகைதான், கிறிஸ்மஸ் கிடையாது. ஆனாலும் மகள் அங்கே படிப்பதால் டிசம்பர் முழுவதும் வீட்டில் ஸ்டார் தொங்கும். இந்த வருடம் கார்த்திகை தீபம் டிசம்பர் 13. உங்கள் ரோஸ் மெழுகுதிரிக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் வாசலில் விளக்கு வரிசை ஏறிவிடும். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

சந்தேகம் என்னவென்றால், ஒறுத்தல் என்றால் சாப்பிடாமல் இருப்பதா? போன வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் என் மகள் கூட்டாளிகளைப் பார்த்து மூன்று நாள் மதியச் சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். கேட்டால் ஒறுத்தலாம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது தேவையா?

அஞ்சாம் வகுப்பு டீச்சர் | 24 நவம்பர், காலை 10.15

அக்கா, தேவையே இல்லை. நாளைக்கே முதல் வேலையாக வகுப்பில் சொல்லிவிடுகிறேன்: சாப்பாட்டில் கை வைக்கிற ஒறுத்தலுக்கு வைக்கோல் கிடையாது. மிட்டாயைப் பக்கத்துப் பிள்ளையோடு பங்கு போட்டால் உண்டு.

மடத்து அக்கா சொன்ன தீப்பெட்டி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. சிஸ்டரிடம் சொன்னேன். அவர் உடனே புனித குழந்தை தெரேசாவின் கதையை எடுத்தார். தெரேசாள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மணிகள் கோத்த ஒரு கயிற்றைப் பையில் வைத்துக்கொண்டு, ஒறுத்தலுக்கு ஒரு மணி தள்ளுவாராம். அப்படியென்றால் எண்ணுவது தப்பில்லை என்றார் சிஸ்டர். தப்பில்லைதான், ஆனால் அந்தக் கயிறு இருந்தது பைக்குள், கரும்பலகையில் இல்லை சிஸ்டர் என்றேன். சிரித்துவிட்டார். கரும்பலகை இல்லை, பரிசு இல்லை என்று முடிவாகிவிட்டது.

வைக்கோல் கட்டாயமில்லை. பனையோலைக் கீற்று, தென்னங்கீற்று, எது வேண்டுமானாலும் கொண்டுவரலாம். வேதாளைத் தம்பி சொன்னதையும் குறித்துக்கொண்டேன்.

முன்னணைக்காரர் | 24 நவம்பர், மதியம் 12.05

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). பைபிளின் பழைய மொழிபெயர்ப்பு வாசித்து வளர்ந்தவன். உங்களுக்குத் தீவனத்தொட்டி, எங்களுக்கு முன்னணை. சின்ன வயதில் முன்னணை என்றால் ஏதோ ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய அணை என்று நினைத்திருந்தேன். அணைக்கட்டில் ஏன் பிள்ளையைக் கிடத்தினார்கள் என்று வேதபாட வகுப்பில் கேட்டு அடி வாங்கினேன். உங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

தனுஷ்கோடி வம்சம் | 24 நவம்பர், இரவு 10.50

இதை எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

இந்த வருடம் நாலாவது ஞாயிறு டிசம்பர் 22-ல் வருகிறது. 1964-ல் அந்த 22-ஆம் தேதி ராத்திரிதான் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலும் ஆட்களோடு போயிற்று. 60 வருடம் நிறைகிறது.

என் அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. அவர்கள் வீடு தனுஷ்கோடியில். அந்த வாரம் அம்மாச்சி உடம்பு சரியில்லாத தங்கையைப் பார்க்கத் தங்கச்சிமடம் வந்தபோது அம்மாவையும் கூட்டி வந்திருந்தார். அதனால் பிழைத்தார்கள். தாத்தா பிழைக்கவில்லை. அம்மா அந்த ராத்திரியைப் பற்றிப் பேசவே மாட்டார். ஒன்றே ஒன்று மட்டும் சொல்வார். புறப்படுவதற்கு முன்னால் வீட்டுக் குடிலுக்காகக் காய்ந்த கடல்புல்லைப் பொறுக்கி ஒரு ஓலைக்கொட்டானில் சேர்த்து, நனையாமல் இருக்க வீட்டுப் பரணில் வைத்துவிட்டு வந்தாராம். எங்கள் பக்கம் குடிலுக்கு அதைத்தான் பரப்புவார்கள் என்பார். கொட்டான் நனைந்துவிடக் கூடாது என்று மேலே ஒரு சாக்கும் போட்டாராம்.

டீச்சர், கடல்புல்லும் போடலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கரையில் நிறையவே ஒதுங்கிக் கிடக்கும். நன்றாகக் காய வையுங்கள், இல்லாவிட்டால் நாறும்.

மறைக்கல்வி வாத்தியார் | 25 நவம்பர், காலை 5.55

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். 22-ஆம் தேதி பூசையில் நினைத்துக்கொள்கிறேன்.

அஞ்சாம் வகுப்பு டீச்சர் | 7 டிசம்பர், இரவு 8.30

ஒரு வாரக் கதை.

பழைய மீன்பெட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து நாலு கால் அடித்துத் தொட்டியாக்கினோம். வளையத்துக்குச் சவுக்குக் கொப்பு. இரண்டு நாளில் பழுப்பு தட்டிவிட்டது, வாரம் ஒரு தடவை மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பள்ளி இல்லாததால் திங்கட்கிழமை காலை அசெம்பிளியில் முதல் மெழுகுதிரி. கடல் காற்றில் மூன்று தடவை அணைந்தது. கடைசியில் ஒரு பையன் தன் லஞ்ச் டப்பா மூடியை மறைப்பாகப் பிடித்துக்கொண்டான். இப்போது அது அவனுடைய நிரந்தர வேலை.

செவ்வாய்க்கிழமை சவேரியார் திருநாள். அன்றைக்குத்தான் தீப்பெட்டி கொடுத்தேன். 38 காலி தீப்பெட்டி சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. தெருவில் இருக்கிற டீக்கடைக்காரர்கள் எல்லோரும் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

நேற்று முதல் தடவை கொட்டினோம். நானும் சுவரைப் பார்த்து நின்றேன். பின்னால் சரசரவென்று சத்தம் மட்டும் கேட்டது. திரும்பிப் பார்க்க எவ்வளவு ஆசை வந்தது தெரியுமா! திரும்பவில்லை. அப்புறம் போய்ப் பார்த்தேன். வைக்கோல் கொஞ்சம், ஓலைக் கீற்று நிறைய, கடல்புல் ஒரு பங்கு. நடுவே நீல நைலான் நூல் ஒன்று, வலையிலிருந்து அறுத்தது, தீப்பெட்டி நீளத்துக்கு ஒழுங்காக வெட்டியிருந்தது. யார் போட்டது என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் போவதில்லை. ஆனால் வகுப்பில் ஒரு பெண்பிள்ளையின் அப்பா இரண்டு மாதமாக அக்கரையில், இலங்கைச் சிறையில் இருக்கிறார், படகும் அங்கேயே. எனக்குத் தோன்றியது எனக்குள் இருக்கட்டும்.

ஒரு அம்மா | 7 டிசம்பர், இரவு 9.02

மகள் தீப்பெட்டியைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறாள். என்னைத் திறந்து பார்க்கவிட மாட்டேன் என்கிறாள். சாப்பாடு மட்டும் ஒழுங்காக உள்ளே போகிறது. நன்றி டீச்சர்.

மடத்துப் பழைய மாணவி | 8 டிசம்பர், காலை 6.15

சுவரைப் பார்த்து நிற்பது கஷ்டம்தான் என்று இப்போதுதான் தெரிகிறது. எங்கள் சிஸ்டர் வருடத்துக்கு நாலு தடவை நின்றார்.

அஞ்சாம் வகுப்பு டீச்சர் | 20 டிசம்பர், மாலை 6.40

கடைசிச் செய்தி. அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருப்பதால் நாலாவது மெழுகுதிரியைப் பள்ளியில் கொளுத்த வழியில்லை. அதைத் தாளில் சுற்றித் தனுஷ்கோடி வம்சம் ஐயாவின் அம்மாவுக்கு அனுப்பலாமா என்று சிஸ்டர் கேட்கிறார். ஐயா, சரி என்றால் தனிமடலில் சொல்லுங்கள்.

பாலனைத் தொட்டியில் கிடத்துவதும் பள்ளியில் நடக்காது, 24 ராத்திரிதானே. அதனால் தொட்டியை அப்படியே பங்குக் கோயில் குடிலுக்குக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. இன்று காலை எடுத்துப்போக வந்தால், வராந்தாவில் ஓர் ஆடு. தொட்டியில் பாதி காலி. வைக்கோலையும் ஓலையையும் தேடித் தேடித் தின்றிருக்கிறது. கடல்புல்லைத் தொடவில்லை, நைலான் நூலையும் விட்டுவிட்டது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வாரத்து உழைப்பு! பிள்ளைகள் அழப்போகிறார்கள் என்று பயந்துகொண்டே சொன்னேன். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. லஞ்ச் டப்பா மூடி பிடிக்கிற பையன்தான் எழுந்தான். "டீச்சர், அது தீவனத்தொட்டிதானே? ஆடு சரியாத்தான் தின்னிருக்கு" என்றான். வகுப்பே சிரித்தது. ஆட்டுக்கு இரை போட்டதையும் ஒரு இழையாகச் சேர்க்கலாமா என்று இன்னொருத்தி கேட்டாள். எண்ணக் கூடாது என்று நான்தானே சொல்லியிருக்கிறேன், அதனால் பதில் சொல்லவில்லை.

மீதியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். பத்துப் பேர் தீப்பெட்டியில் மிச்சம் இருந்ததை வழியிலேயே கொட்டினார்கள். நான் கடலைப் பார்த்து நின்றேன்.

பாம்பன் காற்று | 20 டிசம்பர், மாலை 7.10

ஆடு யாருடையது என்று விசாரியுங்கள் டீச்சர். ஈர வைக்கோல் தின்றிருக்கிறது, வயிறு ஊதும். ஓமத்தைக் காய்ச்சிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

தனுஷ்கோடி வம்சம் | 20 டிசம்பர், இரவு 9.35

அம்மாவிடம் கேட்டேன். அனுப்பச் சொல்லுங்கள் என்றார். கடல்புல் மிச்சம் இருந்தால் அதிலும் கொஞ்சம்.